ஆற்றில் பெருகியது நாங்கள் இல்லை

கண்ணு,

நீ கையெழுத்துப் போட்ட அறிக்கையை நான் படித்துவிட்டேன். தமிழில் சுருக்கிக் கொடுத்திருந்ததை இரண்டு தடவை படித்தேன். பத்தாவதோடு நின்றவள் என்றாலும் தினமும் பேப்பர் படிக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். நேரில் பேசினால் என் வாயில் நம் நெட்டுக்குப்பத்துப் பேச்சுதான் வரும். பேனா பிடித்தால் பள்ளிக்கூடத்துத் தமிழ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாரோ ஒரு டீச்சர் எழுதியது போல் இருந்தால் சிரிக்காதே. இதை நான் ஒளித்தும் எழுதவில்லை. நம் தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். நீ எழுதியதை ஊர் படித்தது, உன்னைப் பெற்றவள் எழுதுவதையும் ஊர் படிக்கட்டும்.

அந்தக் கூட்டத்துக்கு நீ வரவில்லை. வேறு வேலை என்று போனில் சொன்னாய். ஆற்றை ஒட்டி நிலக்கரிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்கிறது, ஊர் மக்கள் கருத்தைச் சொல்லலாம் என்று தண்டோரா போடாத குறையாகக் கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் மேஜை போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனிக்காரர் ஒருவர் மைக்கைப் பிடித்து உன் அறிக்கையிலிருந்து வாசித்தார். கழிமுகத்தில் மீனும் இறாலும் குறைந்ததற்கு மீனவ மக்கள்தொகைப் பெருக்கமே முதன்மையான காரணம், ஆறு தாங்கக்கூடிய அளவை அவர்கள் எப்போதோ கடந்துவிட்டார்கள், இனி அவர்களை வேறு தொழிலுக்கு மாற்றுவதே ஆற்றுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது என்று வாசித்தார். எனக்குப் பக்கத்தில் எதிர்வீட்டு தேசம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து, மைக் இல்லாமலே கேட்டாள்.

"இன்னா சார் பெருக்கம்? நாங்க இன்னா பன்னிக்குட்டியா போட்டுகினு கீறோம்? இத்த எழுதினது யாரு, அவன் பேரைச் சொல்லு."

அவர் நிதானமாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டி ஆய்வு செய்தவர்களின் பெயர்களை வாசித்தார். மூன்றாவது பெயர் உன்னுடையது. முன்னால் உன் நைனாவின் முதலெழுத்து. மண்டபம் அப்படியே என் பக்கம் திரும்பிப் பார்த்தது. தேசம்மா மெதுவாக உட்கார்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், அவள் என் முழங்கால் மேல் கையை வைத்தாள். ஆண்கள் பக்கத்தில் இருந்த உன் நைனா எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். வாசல் படியில் உட்கார்ந்து யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டிருந்தார். ஏன் வந்துவிட்டீர்கள் என்று கேட்டேன். "அவன் பேர் மட்டும் இருந்தா குந்தினு இருப்பேன். எம்பேரையும் சேத்து வச்சிக்கிறான், அதான் எய்ந்து வன்ட்டேன்" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே கூச்சல் அதிகமாகி, கூட்டத்தைத் தள்ளி வைக்கிறோம், ஆட்சேபனை இருந்தால் பதினைந்து நாளைக்குள் எழுதிக் கொடுங்கள் என்று அதிகாரி அறிவித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்தாய். நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன். நீயும் மறுக்கவில்லை. அது உன் கருத்து இல்லை என்றாய், டேட்டா சொல்கிறது என்றாய். டேட்டாவுக்கு வாய் கீதா, யார்னா சொன்னாத்தானே அது சொல்லும் என்று கேட்டேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. கம்பெனிகளுக்கு ஆய்வு எழுதிக் கொடுக்கிற, கிண்டியில் கண்ணாடிக் கதவு போட்ட உன் ஆபீஸில் உட்கார்ந்து, தெரியாதவர்களுக்கு விளக்குகிறவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. எந்த உயிராக இருந்தாலும் ஓர் இடத்தில் ஓர் அளவுக்கு மேல் பெருக முடியாது, பெருகினால் சாப்பாடு போதாது, இடம் போதாது, அது இயற்கையின் விதி, மனுஷன் அதற்கு விலக்கு இல்லை என்றாய். மாற்றி எழுதச் சொன்னால் வேலை போய்விடும் என்றும் சொன்னாய். அதை மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். சோறு போட்டேன், சாப்பிட்டாய், போய்விட்டாய். நீ போன பிறகுதான் எனக்குக் கோபம் முழுசாக வந்தது.

ஏனென்றால் அந்த விதி எனக்கும் தெரியும், அதை எனக்குச் சொன்னவனே நீதான். காலேஜில் விலங்கியல் படித்தபோது ஒரு நாள் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு ஒரு கோடு வரைந்து காட்டினாய். புதிதாக ஓர் இடத்துக்கு வந்த உயிர் முதலில் மெல்லக் கூடும், அப்புறம் மளமளவென்று ஏறும், அப்புறம் ஏதோ தலையில் இடித்ததுபோல் படுத்துவிடும். மேலே ஒரு நேர்க்கோடு போட்டு, இதுதான் அந்த இடம் தாங்கும் அளவு, இதைத் தாண்டினால் செத்துக் கீழே வந்துவிடும் என்றாய். கூடை கூடையாக இறால் வாங்கித் திருவொற்றியூர் மார்க்கெட்டில் விற்றவள் நான். அது எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஓர் இறால் போடுகிற முட்டையெல்லாம் பிழைத்தால் கடலில் தண்ணீருக்கு இடம் இருக்காது. கடலில் பொரிந்த குஞ்சு ஏற்றத்து நீரோடு ஆற்றுக்குள் வரும், சேற்றில் பகலெல்லாம் புதைந்து கிடக்கும், தின்று பெருத்துத் திரும்பக் கடலுக்குப் போகும். கொடுவா மீன் தின்றது போக, தண்ணீர் மாறிச் செத்தது போக, நாம் பிடித்தது போக மிச்சம் இருந்தது. அந்த மிச்சத்தில்தான் அடுத்த வருஷம் இருந்தது. அன்றைக்கு உன்னிடம் நான் கேட்டது உனக்கு மறந்திருக்கலாம். மேலே இருக்கிற அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டேன். இயற்கைதாம்மா என்றாய்.

இப்போது அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறேன். அந்தக் கோட்டைக் கீழே இறக்கியது யார்? உன் அறிக்கையில் எத்தனை வாய் என்று இருக்கிறது, எத்தனை படகு என்று இருக்கிறது. ஆற்றின் நடுவில் ஆள் நின்றால் கழுத்து மூழ்கிய இடத்தில் இன்றைக்கு முழங்கால் அளவு சாம்பல் சேறு இருப்பது எந்தப் பக்கத்தில் இருக்கிறது? அனல் மின் நிலையத்துச் சுடுதண்ணீர் விழுகிற வாய்க்காலில் காலை வைக்க முடியாது என்று நீயே சின்ன வயதில் அலறிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாய். குழாய் ஒழுகிச் சாம்பல் குழம்பு ஆற்றில் இறங்கியபோது உன் நைனாவின் வலை சிமெண்டில் முக்கி எடுத்தது போல் வந்ததை உன் கையால் கழுவியிருக்கிறாய். சதுப்பை மண் போட்டு மூடி மூடி ஆற்றின் இடுப்பையே ஒடித்துவிட்டார்கள். குஞ்சு புதைய சேறு இல்லை, மீன் முட்டையிட நிழல் இல்லை. இதெல்லாம் "பிற காரணிகள்" என்று நாலு வரியில் போய்விட்டது. வீட்டுக்குள் இருக்கிறவர்களை அப்படியே விட்டுவிட்டுக் கூரையைத் தலைக்கு மேல் இறக்கிக்கொண்டே வந்து, குனிந்து நிற்கிறவர்களைப் பார்த்து நீங்கள் ரொம்ப வளர்ந்துவிட்டீர்கள் என்று சொல்கிறாயே, உனக்குக் கூசவில்லையா?

பெருக்கம் என்றால் என்ன என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காக்கா ஆழி என்கிற கறுப்புச் சிப்பி வந்த வருஷம் நீ வெளியூரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாய். முதலில் பாலத்துக் கால்களில் கறுப்பாக, நகம் அளவில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சந்தோஷப்பட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். பச்சை ஆழிக்கு நல்ல கிராக்கி இருந்த காலம், அதன் தங்கச்சி வந்திருக்கிறது என்று நினைத்துக் கூடை நிறையச் சுரண்டி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்க ஆள் இல்லை, சதையும் இல்லை, திரும்ப ஆற்றிலேயே கொட்டிவிட்டு வந்தேன். எங்கிருந்தோ வந்த கப்பலின் அடித்தண்ணீரில் வந்திருக்கும் என்று பிறகு சொன்னார்கள். அதை இங்கே தின்ன மீனும் இல்லை, பறவையும் இல்லை, மனிதனும் இல்லை. இரண்டு மழைக்குள் மணல் திட்டெல்லாம் கறுப்புப் பாய் விரித்தது போல் ஆனது. ஒன்றின் மேல் ஒன்று ஒட்டி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, கொத்துக் கொத்தாக. கையை விட்டால் மண் தட்டாது. மண்ணுக்குள் கிடக்கிற மஞ்சள் மட்டி அதன் அடியில் மூச்சு முட்டிச் செத்தது, இறாலுக்குப் புதைய இடமில்லை. வலை கிழிந்தது, காலும் கிழிந்தது. உன் நைனாவின் பாதத்தில் ஓடு குத்திச் சீழ் வைத்து, ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். பரீட்சை என்று உனக்குச் சொல்லவில்லை.

ஒரு வெள்ளத்தில் நல்ல தண்ணீர் இறங்கி அதில் பாதி செத்தது. ஆறு நாறியது, நாங்கள் அந்த நாற்றத்தில் நின்று சிரித்தோம். தை மாதத்துக்குள் பழையபடி மூடிவிட்டது. ஒரு கொத்தைப் பெயர்த்துப் பார்த்தால் மேலே உயிரோடு இருப்பது, அடியில் எல்லாம் வெறும் ஓடு, கறுப்புச் சேறு. அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது போலும், தன் பாரத்தாலேயே அடியில் இருப்பது செத்துப்போகிறது. ஆனால் அது தன் எல்லையைத் தொடுவதற்குள் ஆறு முடிந்துவிடும். உன் படிப்பில் இதற்குத்தானே பெருக்கம் என்று பெயர்? கட்ட எதுவும் இல்லாமல், தின்ன யாரும் இல்லாமல், வந்த இடத்தை மூடுவது. அந்தச் சொல்லைக் கப்பல் கொண்டுவந்து விட்ட ஆழிக்குப் போடாமல் எங்களுக்குப் போட்டிருக்கிறாய்.

நாங்கள் பெருகினோமா? நீ பிறந்து மூன்றாம் வருஷம் உன் தங்கச்சி பிறந்தாள். அப்போது எனக்கு இருபத்திமூன்று வயது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஒரு நர்ஸம்மா வந்து, குப்பத்துக்காரிங்க நிறுத்தவே மாட்டீங்களா, வருஷம் ஒண்ணு பெத்துக்கினு வந்துடுறீங்க என்று வார்டே கேட்கச் சொன்னாள். எனக்கு அது இரண்டாவது. பக்கத்துக் கட்டிலில் இருந்த தேசம்மாவுக்கும் இரண்டாவது. நாங்கள் இரண்டு பேரும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறோம், காகிதம் அந்த நர்ஸ் கையிலேயே இருக்கிறது. அவள் அதைப் படிக்காமலே பேசினாள். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. பதில் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லாததை இன்று உன்னிடம் சொல்கிறேன் என்று வைத்துக்கொள். எங்களை அடக்கு என்று சொன்னார்கள், அடக்கிக்கொண்டோம். ஆற்றிலும் அப்படித்தான் இருந்தோம். இன்ன நாள் இன்ன குப்பம், இன்ன இடத்தில் இன்னார் வலை என்று எங்களுக்குள் முறை வைத்துத்தான் பிடித்தோம். முறை இல்லாத நாளில் படகு இறக்கியவன் ஊர்க்கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டும். சாம்பலுக்கு யார் முறை வைத்தார்கள்? எந்த ஊர்க்கூட்டத்தில் அது வந்து நின்றது?

நாங்கள் சுத்தமானவர்கள் என்று சொல்ல வரவில்லை. சினை நண்டுக்கு விலை கூட என்று நான் வருஷக்கணக்காக விற்றேன். வயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பிக்கொண்டிருக்கும், ஒன்றுக்கு லட்சக்கணக்கில் இருக்கும் என்று நீதான் பிறகு சொன்னாய். உன் நைனா அதைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார், நான் சண்டை போட்டுத் தனிக் கூடையில் வாங்கி வைத்துக்கொள்வேன். உன் காலேஜ் ஃபீஸ் கட்டும் மாதங்களில் அதிகம் விற்றேன். அந்தப் பாவத்தை எழுது, என் பெயர் போட்டே எழுது, நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் விற்ற சினை நண்டையும் ஆற்றை மூடிய சாம்பலையும் ஒரே தராசில் வைத்து, என் தட்டுதான் கனம் என்று சொல்லாதே.

நீ போன மறுநாள் காலையில் நானும் தேசம்மாவும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். ஆட்சேபனை எழுத வேண்டும் என்றால் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே. எங்கள் தெருவிலிருந்து ஆரம்பித்து வீடு வீடாகப் போனோம். உன் மாமியாருக்கு எத்தனை பிள்ளை, உனக்கு எத்தனை, ஆற்றுக்குப் போகிறது யார், இதைத்தான் கேட்டோம். முதலில் சிரித்தார்கள். ரேஷன் கார்டுக்கா, ஓட்டுக்கா என்று கேட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கூடவே நடந்து வந்து அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார்கள். போன தலைமுறையில் வீட்டுக்கு ஐந்து ஆறு பேர் பிறந்து அத்தனை பேரும் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்கள். இப்போது எல்லா வீட்டிலும் ஒன்று அல்லது இரண்டு. உன் வயதுப் பிள்ளைகளில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன் இருக்கிறான், மணலியில் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவன் இருக்கிறான், துறைமுகத்தில் செக்யூரிட்டி இருக்கிறான், கல்மண்டபத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறவன் இருக்கிறான். நம் தெருவில் ஆற்றுக்குப் போகிற இளம் பிள்ளைகள் இரண்டே பேர். அவர்களும் வேறு வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் நடந்தோம். நோட்டு நிறைந்தது.

அப்புறம் எனக்குக் குழப்பம் வந்தது. நம் தெரு இப்படி இருந்தால் உன் அறிக்கையில் மீனவர் இரண்டு மடங்கு ஆனது எப்படி? தேசம்மாவின் மருமகள் பி.காம். படித்தவள், பெரிய அறிக்கையின் பின்னிணைப்பை அவள் செல்போனில் இறக்கிப் பார்த்தாள். மீனவர் சங்கத்து உறுப்பினர் பட்டியலை எடுத்து அப்படியே வைத்திருக்கிறீர்கள். அந்தப் பட்டியலில் பெயர் இருப்பவன் எல்லாம் மீனவன். லாரி டிரைவரும் மீனவன், செக்யூரிட்டியும் மீனவன். அவள் விரலால் தள்ளிக்கொண்டே வந்தவள் நின்றாள். "அத்தே, இத்த பாருங்க" என்று போனை என்னிடம் நீட்டினாள். நெட்டுக்குப்பம், உன் பெயர், தகப்பன் பெயர், தொழில் என்ற இடத்தில் கழிமுக மீன்பிடிப்பு.

உன் பெயர் மேல் விரலை வைத்துத் திரும்பப் படித்தேன் கண்ணு. ஒரு நாள் கூட வலை வீசாதவன், படகில் ஏறினால் வாந்தி எடுக்கிறவன், ஆற்றின் சுமை என்று நீ எண்ணியவர்களில் நீயும் ஒருவன். உன் பெயரை நீ பார்க்கவில்லையா? பார்த்தும் விட்டுவிட்டாயா? எது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை, எது என்றாலும் எனக்கு ஆறவில்லை. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டுக் கதவையாவது தட்டியிருந்தால், உன் அம்மா வீட்டுக் கதவைத் தட்டியிருந்தால் கூட, உண்மை தெரிந்திருக்கும். மூன்று நாளில் இரண்டு பெண்கள் செருப்பு தேய நடந்து கண்டுபிடித்ததை உங்கள் ஆபீஸ் ஒரு வருஷத்தில் கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்தது நான்தான். உனக்குப் பதினெட்டு முடிந்ததும் சங்கத்தில் சேர்த்தேன். மீன்பிடித் தடைக்காலத்தில் கொடுக்கிற நிவாரணம் உன் பெயரிலும் வரட்டும் என்றுதான். எல்லார் வீட்டிலும் செய்தார்கள், நானும் செய்தேன். நீ வேலைக்குப் போன பிறகும் எடுக்கவில்லை. நம்மைப் பற்றி ஒரு பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அந்தப் பொய்யை எழுதி, கையெழுத்துப் போட்டு, நாங்களே பீரோவில் வைத்திருந்திருக்கிறோம். இதை நினைத்துத்தான் நான் அதிகம் கொதித்தேன். உன் மேல் இருந்த கோபத்தை விட என் மேல் இருந்த கோபம் கூட.

மறுநாள் சங்கத்து ஆபீசுக்குப் போனேன். அங்கே இருக்கிற கிளார்க்குக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா இது, அல்லாரும் பேரைச் சேக்கத்தான் வராங்க, நீ எடுக்க வந்துகீறே" என்றார். எடுத்தால் இனி நிவாரணம் வராது, இதுவரை வாங்கியதற்கும் யாராவது கேள்வி கேட்கலாம் என்று பயமுறுத்தினார். கேட்கட்டும், பதில் சொல்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். இவர் வேறு தொழிலில் இருக்கிறார், மீன் பிடிப்பதில்லை, தவறாகச் சேர்த்தது நான் என்று எழுதினேன். என்னைப் பார்த்துத் தேசம்மா தன் பெரிய மகன் பெயரை எடுத்தாள். அவள் வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை நம் வீட்டில் கேட்டது. லாரி ஓட்டுகிறவன் வந்து என் வாசலில் நின்று கத்தினான், நிவாரணத்தை நீயா தருவாய் என்று. அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் நாலு நாளில் பதினோரு பெண்கள் தங்கள் பிள்ளைகள் பெயரை எடுத்தார்கள். எல்லாரும் எடுக்கவில்லை. எடுக்காதவர்களை நான் குறை சொல்லமாட்டேன், அவர்கள் அடுப்பு அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆட்சேபனை மனுவை எடுத்துக்கொண்டு அந்த அதிகாரியின் ஆபீசுக்குக் கிளம்பினோம். உன் நைனா வரவில்லை என்றார். டோல்கேட்டில் பஸ் மாற நின்றபோது, சட்டையை மாற்றிக்கொண்டு, நொண்டிக் காலோடு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. இந்த அறிக்கையில் மீனவர் என்று எண்ணப்பட்டவர்களில் பலர் மீனவர் இல்லை, அதற்கு அத்தாட்சி இது, சங்கத்தின் சான்று இது, எங்கள் நோட்டின் நகல் இது என்று எழுதியிருந்தோம். அறிக்கையைத் தயாரித்தவர்களில் ஒருவர் என் மகன், அவர் பெயரும் பட்டியலில் தவறாக இருந்தது, அதை அவர் சரிபார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தேன். வீட்டில் அந்த வரியை எழுதும்போது தேசம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "வோணாம் அண்ணி, புள்ள வேலைக்கு வேட்டு வச்சிராதே" என்றாள். அவள் மகன் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், உன்மேல் அவளுக்கும் பாசம் உண்டு. நான் கையை விலக்கிவிட்டு எழுதி முடித்தேன். அதிகாரி படித்தார், அந்த வரியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார், முத்திரை குத்தி நகலைக் கொடுத்தார்.

இது உன்னை அழிக்கச் செய்ததா என்று கேட்பாய். உன் வேலை போகலாம், எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன், செய்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். எந்த உயிரை எண்ணப் போனாலும், அதை எது நெருக்குகிறது என்பதையும் அதே கையால் எண்ணு. இறால் குறைந்தால் இறாலைக் குற்றம் சொல்லமாட்டாய், தண்ணீரைச் சோதிப்பாய். மஞ்சள் மட்டி அழிந்தால் அதன் மேல் படர்ந்தது எது என்று பார்ப்பாய். எங்களிடம் வரும்போது மட்டும் அந்தப் படிப்பு எங்கே போகிறது? ஏழைகள் என்றால் உடனே தலையை எண்ணுகிறீர்கள். கிடங்குகளை யாரும் எண்ணுவதில்லை, இன்னும் எத்தனை கிடங்கை இந்தக் கரை தாங்கும் என்று ஒருவனும் கோடு வரைந்து காட்டுவதில்லை. அதை வரைய உனக்குத் தெரியும். வரைந்திருக்க வேண்டியவன் நீ.

கூட்டம் வருகிற புதன்கிழமை திரும்ப நடக்கிறது, காலை பத்து மணிக்கு, அதே மண்டபத்தில். பேசுகிறவர்கள் முதலில் பெயரையும் ஊரையும் தொழிலையும் சொல்ல வேண்டுமாம். ஏழாவது ஆளாகப் பேச எனக்கு முறை கொடுத்திருக்கிறார்கள். என் பெயரைச் சொல்வேன், நெட்டுக்குப்பம் என்பேன், இறால் வியாபாரம் என்பேன், இந்த அறிக்கையை எழுதியவனின் தாய் என்பேன். நோட்டை முழுக்க வாசிப்பேன், சினை நண்டு விற்றதையும் உன்னைப் பட்டியலில் சேர்த்ததையும் விடாமல் சொல்வேன். மைக்கைப் பிடுங்கினால் தேசம்மா தொடருவாள், அவளுக்கு மைக் தேவையில்லை.

நீயும் வா. கம்பெனிக்காரர்கள் பக்கம் உட்கார வேண்டும் என்றால் அங்கேயே உட்கார், எனக்கு வருத்தமில்லை. நான் பேசி முடித்த பிறகு அதிகாரி உன்னைப் பார்த்து, இந்த அம்மா சொல்வது சரியா என்று கேட்பார். அப்போது எழுந்து நின்று உனக்குத் தெரிந்ததைச் சொல். உன் நைனாவும் அங்கே இருப்பார். இந்த முறை எழுந்து போகமாட்டேன் என்று நேற்று அவராகவே சொன்னார்.

உன்னைப் பெற்றதற்கு இன்னும் வருந்தாத,
அம்மா